1803 ஹாஃப் ஈகிள்: பளபளக்கும் ‘டீடெய்ல்ஸ்’ காசா, தேய்ந்த நல்ல காசா?

செந்தில்_எடிசன்

எல்லோருக்கும் வணக்கம். 1880, 1890களின் அமெரிக்கத் தங்கக் காசுகள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்ததாக 1834க்கு முந்தைய காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. என் பட்ஜெட்டுக்கு எட்டுவது 5 டாலர் ஹாஃப் ஈகிள்தான். இப்போது இரண்டு காசுகள் கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று 1803. ஸ்லாபில், அதாவது கிரேடிங் நிறுவனம் காசை வைத்து மூடிய பிளாஸ்டிக் உறையில், ‘ஏயூ டீடெய்ல்ஸ், கிளீன்டு’ என்று போட்டிருக்கிறது. தேய்மானம் மிகக் குறைவு, ஆனால் துடைத்த குறை உண்டு என்று அர்த்தம். நன்றாக மின்னுகிறது. லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் கூந்தல் சுருள், கழுகின் இறகு எல்லாம் துல்லியம். இன்னொன்று 1802. விஎஃப் 30, அதாவது நடுத்தரத் தேய்மானம், குறை எதுவும் குறிக்காத நேர் கிரேடு. கூந்தல் தேய்ந்திருக்கிறது, நிறமும் மங்கல். ஆனால் விலை முதல் காசைவிட அதிகம்!

இரண்டும் ஒரே வகை, ஒரே எடை. நன்றாக இருப்பது மலிவாகவும் தேய்ந்தது விலை கூடியும் இருப்பது எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் காலத்துக் காசுகளை வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பழங்காசு_பாலு

செந்தில் தம்பி, படங்களுக்கு நன்றி. 1803ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். லிபர்ட்டியின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்று இடத்தில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. யாரோ துணி வைத்து அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் மினுமினுப்பு அதுதான். அச்சில் அடிபட்ட காசுக்கு இயல்பாக வரும் ஒளி வேறு மாதிரி இருக்கும். ஒற்றை விளக்குக்குக் கீழே காசை மெதுவாகச் சாய்த்தால் அந்த ஒளி நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஆரம் ஆரமாகச் சுழலும். துடைத்த காசில் அது சுழலாது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி ‘பளிச்’சென்று நிற்கும்.

1802ஐப் பாருங்கள். நட்சத்திரங்களைச் சுற்றியும் எழுத்துகளின் இடுக்கிலும் கொஞ்சம் செம்மஞ்சள் படர்ந்திருக்கிறது. இருநூறு வருடத்தில் தானாகச் சேர்ந்த நிறம் அது, யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். புழக்கத்தில் தேய்ந்ததைக் காசின் வாழ்க்கை என்று சந்தை ஏற்றுக்கொள்கிறது. துடைத்ததை ஏற்பதில்லை. என் வாக்கு 1802க்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் இரண்டு காசிலும் தேதியின் கடைசி எண்ணை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1803இல் 3க்கு அடியில் பழைய 2 தெரியும். 1802இல் 2க்கு அடியில் 1 தெரியும். இது அபூர்வம் என்று விற்பவர் கதை சொன்னால் நம்ப வேண்டாம். 1802, 1803 ஹாஃப் ஈகிள்கள் எல்லாமே அப்படித்தான். பிலடெல்பியா தங்கசாலையில் அச்சு செய்யும் எஃகுக்கு அவ்வளவு அருமை. பழைய அச்சின் மேலேயே புது எண்ணைக் குத்தி, அது உடையும் வரை ஓட்டினார்கள். 1801 என்று தேதியிட்ட ஹாஃப் ஈகிள் ஒன்றுகூடக் கிடையாது. அந்த 1 இப்போது உங்கள் 2க்குள் இருக்கிறது!

தங்கவேல்_பட்டறை

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன், நகைப்பட்டறை எங்கள் தொழில். நாணயம் சேர்ப்பதில் அனுபவம் குறைவு, தங்கத்தைப் பற்றிச் சொல்லலாம் இல்லையா?

பாலு சார் முன்பு ஒரு இழையில் கொடுத்த விவரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஹாஃப் ஈகிளின் எடை 8.75 கிராம். 1792 சட்டப்படி மாற்று பன்னிரண்டில் பதினொரு பங்கு. அப்படியென்றால் நம் 916தான், சுத்தமான 22 கேரட். சொக்கத்தங்கம் மட்டும் பார்த்தால் 8 கிராமுக்குத் துளி கூட. மீதிக் கலப்பில் வெள்ளியும் செம்பும் சேரலாம், வெள்ளி பாதிக்கு மேல் போகக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அதனால்தான் இந்தக் காலத்துக் காசுகள் சிலவற்றில் லேசான பச்சைச் சாயல் தெரியும். வெள்ளி கூடினால் தங்கம் பச்சை வாங்கும், செம்பு கூடினால் சிவக்கும். பிற்காலத்து அமெரிக்கக் காசுகள் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், கலப்பு பெரும்பாலும் செம்பு. அவை சிவப்பாகத் தெரிவது அதனால்.

செந்தில், இரண்டு காசிலும் உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், விளிம்பை நன்றாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் தங்கக் காசைச் சங்கிலியில் தொங்கவிடுவது அங்கேயும் வழக்கம். வளையம் பற்றவைத்து, பின்னால் அதை எடுத்து அரம் போட்டுச் சரி செய்திருப்பார்கள். பக்கவாட்டில் உள்ள வரிகள் அந்த இடத்தில் மட்டும் மழுங்கியோ, புதிதாக வெட்டியது போல் கூர்மையாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பற்றவைப்பு போன இடத்தின் நிறம் சுற்றியுள்ள தங்கத்தோடு ஒட்டாது. ஓட்டை போட்டு அடைத்த காசும் உண்டு. அடைத்த இடத்துக்கு மேல் நட்சத்திரத்தையோ எழுத்தையோ கையால் செதுக்கியிருப்பார்கள். நல்ல கைவேலை என்றால் கண்ணுக்குத் தப்பும், லென்ஸுக்குத் தப்பாது.

செந்தில்_எடிசன்

தங்கவேல் அண்ணா, மிகப் பயனுள்ள தகவல். 1802இன் மார்புப் பகுதியில் அரம் போட்டது போல இணைகோடுகள் நாலைந்து இருக்கின்றன. அப்படியானால் அதுவும் நகையிலிருந்து எடுத்ததா? ஸ்லாபில் எதுவும் குறிப்பிடவில்லையே.

பழங்காசு_பாலு

அது வேறு விஷயம் தம்பி, பயப்பட வேண்டாம். அந்தக் கோடுகளைப் போட்டது தங்கசாலையே.

காசு அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தங்க வில்லையையும் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். எடை கூடினால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். குறைந்தால் உருக்கப் போய்விடும். 1795இல் இந்த வேலைக்குச் சேர்ந்த சாரா வால்ட்ரேக், ரேச்சல் சம்மர்ஸ் இருவரும்தான் அமெரிக்கக் கூட்டரசு சம்பளத்துக்கு வைத்த முதல் பெண்கள் என்று தங்கசாலையின் வரலாறு பதிவு செய்திருக்கிறது. ராவிய வில்லையின் மேல் அச்சு விழுந்தபோது அழுத்தம் பற்றாத இடங்களில் மட்டும் அரக்கோடு மிஞ்சியது. அதனால் கோடு கூந்தலுக்கும் எழுத்துக்கும் அடியில் போவது போலத் தெரியும். பின்னால் யாராவது கீறியிருந்தால் கோடு எல்லாவற்றுக்கும் மேலே ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அரக்கோட்டுக்காகப் பொதுவாக ‘டீடெய்ல்ஸ்’ போட மாட்டார்கள். முகத்தின் குறுக்கே ஆழமாக விழுந்திருந்தால் விலை இறங்கும், அவ்வளவுதான். எனக்குத் தனிப்பட்ட முறையில் அரக்கோடு உள்ள காசு பிடிக்கும். அந்த வில்லையை ஒரு மனிதக் கை எடுத்து நிறுத்துப் பார்த்ததன் தடம் அது.

நித்தி_டொராண்டோ

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 8 கிராம் தங்கத்துக்கு இத்தனை ஆயிரம் டாலர் எதற்கு? அதே பணத்தில் எத்தனையோ மடங்கு தங்கம் கட்டியாகவே வாங்கலாமே. அபூர்வம் என்கிறீர்கள், ஆனால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் அடித்தது எப்படி அபூர்வம் ஆகும்?

கலை_டாலஸ்

நித்தி, நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால்தான் இந்தக் காசுகளின் விலை புரியும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1792 சட்டம் 15 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்று விகிதம் கட்டியது. அப்போதைய சந்தைக்கு அது ஏறக்குறைய சரி. ஆனால் ஐரோப்பாவில் தங்கம் ஏறத் தொடங்கியது. பிரான்ஸ் 1803இல் பதினைந்தரை என்று நிர்ணயித்தது. வியாபாரி என்ன செய்வான்? அமெரிக்காவில் 15 கிலோ வெள்ளியைக் கொடுத்து 1 கிலோ தங்கக் காசு வாங்குவான், கப்பலேற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோய்ப் பதினைந்தரைக் கிலோ வெள்ளியாக மாற்றுவான். செலவு போக மிச்சம் லாபம். அங்கே போன காசு காசாக இருக்காது, நேராக உருக்குச் சட்டிதான்.

பிலடெல்பியாவில் இன்னொரு வசதியும் இருந்தது. தங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செய்கூலி இல்லாமலே காசாக அடித்துத் தருவார்கள். வங்கிகளும் வணிகர்களும் கொடுத்தது பெரும்பாலும் வெளிநாட்டுக் காசும் கட்டியும். அது அமெரிக்கக் காசாக மாறி, மறுபடியும் ஏற்றுமதியானது. 10 டாலர் ஈகிள்தான் அதிகம் போனது. கடைசியில் 1804உடன் ஈகிள் அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஈகிள் 1838இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மிகப்பெரிய தங்கக் காசு செந்தில் தேடும் ஹாஃப் ஈகிள்தான்.

1820களில் நிலைமை இன்னும் மோசம். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு பிரிட்டன் தங்கத்தை அடிப்படையாக வைத்தது, தங்கத்துக்குக் கிராக்கி கூடியது. இங்கே அடித்த ஹாஃப் ஈகிள்கள் புழக்கத்துக்கே வராமல் வங்கிப் பெட்டகத்திலிருந்து நேராகக் கப்பலுக்குப் போயின. கடைசியில் 1834 ஜூன் 28இல் சட்டத்தை மாற்றி விகிதத்தை 16ஐ ஒட்டிக் கொண்டுவந்தார்கள். ஹாஃப் ஈகிளின் எடை 8.36 கிராமாக இறங்கியது, மாற்றும் குறைந்தது. கணக்குப் பார்த்தால் பழைய 5 டாலர் காசில் புதுக் கணக்குப்படி 5 டாலர் 33 சென்ட் தங்கம் இருந்தது. வீட்டில் ஒளித்து வைத்தவர்கள்கூட அதன்பின் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். புதுக் காசு உடனே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கழுகுக்கு மேலிருந்த லத்தீன் வாசகத்தை எடுத்தார்கள். 1834 என்று தேதியிட்ட காசு கையில் வந்தால் முதலில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய எடை, விலையே வேறு.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். தங்கசாலைக் கணக்கில் 1822இல் அடித்த ஹாஃப் ஈகிள் 17,796. இன்று இருப்பது மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். தனியார் கையில் இருக்கும் ஒன்றே ஒன்று 1982 ஏலத்தில் 6,87,500 டாலருக்குப் போனது, 2021இல் 84 லட்சம் டாலர்.

நித்தி_டொராண்டோ

17,796இல் மூன்றா! கலை, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

பழங்காசு_பாலு

கலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடித்த எண்ணிக்கையையே முழுசாக நம்பக் கூடாது. தங்கசாலை எழுதி வைத்தது அந்த வருடம் எத்தனை காசு கையளித்தோம் என்பதை. அந்தக் காசுகளின் மேல் என்ன தேதி இருந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. 17,796இல் ஒரு பகுதி முந்தைய ஆண்டுத் தேதி போட்டதாகவும் இருக்கலாம். 1795 என்று தேதியிட்டு, கேடயம் தாங்கிய பெரிய கழுகோடு ஒரு ஹாஃப் ஈகிள் உண்டு. 1795இல் அடித்தவற்றில் இருந்தது மாலையை அலகில் பிடித்த சின்னக் கழுகு. பெரிய கழுகு பின்னால் வந்த வடிவம். மிச்சமிருந்த பழைய தேதி அச்சை எடுத்துப் புதுக் கழுகோடு ஜோடி சேர்த்து அடித்துவிட்டார்கள்.

அதனால் இந்தத் துறையில் விலை பேசுவது, இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதில் எத்தனை கை படாதது என்ற இரண்டையும் வைத்துத்தான். அச்சு ஜோடிக்கு ஜோடி எண்ணிக்கை மாறும். இந்தக் காசுகளை ஆராய்ந்த ஹாரி பாஸ், ஜான் டான்ராய்தர் இருவரின் பெயர்களின் முதலெழுத்தால் ‘பிடி’ எண் கொடுத்து ஒவ்வொரு ஜோடியையும் பிரித்திருக்கிறார்கள். 1795 ஈகிளில் கழுகு நிற்கும் பனைக்கிளையில் பொதுவாக 13 இலை. 9 இலை மட்டுமே உள்ள அச்சு ஒன்று உண்டு. அதே ஆண்டு, அதே காசு, ஆனால் விலை பல மடங்கு.

கிரேடிங் நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலையும் பார்த்துப் படியுங்கள். கிரேடு ஏறுமா என்று ஸ்லாபை உடைத்து ஒரே காசைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒரு காசு பட்டியலில் மூன்று காசாக நிற்கும்.

மீனா_சான்ஹோசே

பாலு அண்ணா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் ‘டீடெய்ல்ஸ்’ காசை அடியோடு ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை.

நான் வகைக்கு ஒன்று சேர்ப்பவள். இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிளில் 1808 வகை அந்த ஒரே ஆண்டுதான் அடித்தது, மொத்தம் 2,710. தங்கசாலைச் செதுக்குநர் ஜான் ரைக் வடித்த இடப்பக்கம் பார்க்கும் லிபர்ட்டி அந்தக் காசில் ஒரே ஒரு தடவைதான் வந்தாள். நேர் கிரேடு வேண்டுமென்றால் சொத்தை விற்க வேண்டும். 1796இல் நட்சத்திரமே இல்லாமல் அடித்த குவார்ட்டர் ஈகிள் 963தான். இந்த மாதிரிக் காசுகளில், பழைய துடைப்பு உள்ளதையோ சின்னப் பழுது பார்த்ததையோ விட்டால் சாதாரணச் சம்பளக்காரருக்கு வேறு வழியே கிடையாது. என்னிடம் உள்ள 1808 அப்படி ஒன்று. விளிம்பில் ஒரு இடம் சரி செய்தது, முகம் அழகு. தினமும் பார்க்கிறேன், ஒருநாளும் வருந்தியதில்லை.

குறை எங்கே இருக்கிறது, எவ்வளவு என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்தால் போதும்.

பழங்காசு_பாலு

மீனா, 1808க்கு முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நானாக இருந்தாலும் அதையே செய்வேன். ஆனால் 1802, 1803 அப்படிப்பட்ட காசுகள் இல்லையே. இந்த வகையில் அடிக்கடி ஏலத்துக்கு வரும் தேதிகள் இவை. நல்ல காசு அடுத்த மாதமும் வரும். கிடைக்கவே கிடைக்காததற்குச் சமரசம் செய்யலாம். காத்திருந்தால் கிடைப்பதற்கு எதற்கு?

விற்கும்போதும் இந்த வித்தியாசம் வரும். ‘டீடெய்ல்ஸ்’ காசுக்கு வாங்குபவர் குறைவு, ஒவ்வொருவரும் ஒரு விலை சொல்வார்கள்.

செந்தில்_எடிசன்

மனம் 1802 பக்கம் சாய்ந்துவிட்டது. சரி, கேட்கும் விலை நியாயம்தானா என்று எப்படிப் பார்ப்பது? விலைப் புத்தகத்தில் ஒரு எண், இணையத்தில் ஒரு எண், கடைக்காரர் சொல்வது இன்னொன்று.

பழங்காசு_பாலு

ஏலப் பதிவுகளை எடுங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய விற்பனைகளைப் படத்தோடு வைத்திருக்கின்றன, இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம். 1802 விஎஃப் 30 மட்டும் தேடாமல் 25, 35 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், 1803ஐயும் பாருங்கள். எண்ணை மட்டும் எழுதி வைத்தால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு படத்தையும் திறந்து, நிறம் எப்படி, அரக்கோடு எங்கே, கோடு கீறல் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கிரேடில் ஒன்று ஏன் உயர்ந்தது, இன்னொன்று ஏன் தாழ்ந்தது என்று பெரும்பாலும் படமே சொல்லிவிடும்.

பதிவில் இருப்பது வாங்குபவர் கட்டணமும் சேர்ந்த தொகையா என்று பார்க்க மறக்காதீர்கள். அந்தக் கட்டணம் இப்போது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நாளை நீங்கள் விற்றால் உங்கள் கைக்கு அந்தத் தொகை வராது.

பழைய பதிவுகளை ஒப்பிடும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். தங்கத்தின் விலை அப்போது என்ன, இப்போது என்ன என்று பாருங்கள். அபூர்வக் காசைவிட இந்த மாதிரி விஎஃப் காசில்தான் தங்க விலையின் பாதிப்பு தெரியும். அப்புறம், கிரேடிங் வருடத்துக்கு வருடம் தளர்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில் ஏயூ 55 வாங்கிய காசு இன்று அதற்கு மேல் வாங்கியிருக்கலாம். கிரேடு செய்த காசை மறுபடி சரிபார்க்கும் சிஏசி நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஸ்லாபில் இருந்தால் அந்தக் கிரேடுக்குத் திடமான காசு என்று இன்னொருவரும் பார்த்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம், சந்தை அதற்குக் கூடுதல் தரும். ஸ்டிக்கர் இல்லாததாலேயே காசு மோசம் என்று நினைக்க வேண்டாம். அங்கே அனுப்பாத நல்ல காசுகள் நிறைய உண்டு.

கலை_டாலஸ்

போலி பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் காசுகளுக்குப் போலி செய்வது புதிதல்ல, அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து 22 கேரட் தங்கத்திலேயே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எடை, மாற்று இரண்டும் சரியாகவே வரும். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். அச்சு எடுத்த அசல் காசில் இருந்த கீறலும் பள்ளமும் போலி ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் திரும்ப வரும். ஒரே மாதிரி அடிபட்ட இரண்டு காசு கண்டால் ஒதுங்கிவிடுங்கள். ஸ்லாபையே போலியாகச் செய்பவர்களும் உண்டு. சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படமும் உங்கள் காசும் ஒன்றுதானா என்று அரக்கோடு அரக்கோடாக ஒப்பிடுங்கள். அந்த வகையில் அரக்கோடு கைரேகை மாதிரி உதவும்.

தங்கவேல்_பட்டறை

ஸ்லாபில் இல்லாத காசு என்றால் நீரில் நிறுத்துப் பாருங்கள். காற்றில் உள்ள எடையை நீரில் குறையும் எடையால் வகுத்தால் 22 கேரட்டுக்கு பதினேழரையிலிருந்து பதினெட்டுக்குள் வரும். கலப்பில் வெள்ளி கூடினால் பதினெட்டுப் பக்கம் போகும். கலை சொன்ன போலியை இது பிடிக்காது, மாற்றுக் குறைந்த போலியைக் கட்டாயம் பிடிக்கும். உரைகல்லில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள்! எங்கள் தொழிலில் அதுதான் முதல் வேலை, இந்தக் காசுக்கு அதைவிடக் கேடு கிடையாது.

செந்தில்_எடிசன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஏலப் பதிவுகளைப் பார்த்தேன். பாலு அண்ணா சொன்னபடி படங்களைத் திறந்து பார்த்ததில் விஎஃப் 30 என்ற ஒரே கிரேடுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தது. 1802க்குக் கேட்கும் விலை கொஞ்சம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் நிறம் அதே கிரேடில் நான் பார்த்தவற்றைவிட நன்றாக இருக்கிறது. சான்றிதழ் படத்தோடு ஒப்பிட்டேன், மார்பில் உள்ள அரக்கோடுகள் அப்படியே பொருந்துகின்றன.

விளிம்பின் படம் மட்டும் விற்பவர் தரவில்லை. கேட்டிருக்கிறேன். வேறு என்ன கேட்கலாம்?

பழங்காசு_பாலு

வெள்ளை பல்ப் ஒன்றை மட்டும் வைத்து, காசைச் சாய்த்துச் சாய்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் போட்டோவில் வெளிச்சத்தை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், வீடியோவில் கோடு தப்பாது. வாங்கி இத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலையைக் கடைசியில் பேசுங்கள், பதிவிலிருந்து நீங்கள் எடுத்த மூன்று விற்பனைகளைக் காட்டிப் பேசினால் மறுப்பது கஷ்டம்.

மீனா_சான்ஹோசே

வந்ததும் 2க்கு அடியில் இருக்கும் அந்த 1ஐப் படம் எடுத்துப் போடுங்கள் செந்தில். எந்த ‘பிடி’ எண் என்று சேர்ந்து பார்க்கலாம். நட்சத்திரங்கள் லிபர்ட்டி என்ற எழுத்துக்கு எவ்வளவு பக்கம் வருகின்றன, பின்பக்கம் கழுகின் சிறகு எந்த எழுத்தைத் தொடுகிறது, இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் போதும்.